சீஸ் வைத்த கோழி ராப்பும் என் வயிற்றெரிச்சலும்

ஜூன் 1, 2025 – ஞாயிறு

குவைத்திலிருந்து வந்து இன்றோடு இரண்டு மாதம். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் காலையிலிருந்து மழை விடவில்லை.

மதியம் மகள் நிலக்ஷி பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து ஒரு தட்டை மூடிக்கொண்டு ஓடிவந்தாள். பூரணி மதினி செய்த ராப். பொரித்த கோழி, சீஸ், கோவா என்கிற முட்டைக்கோஸ் இலை எல்லாம் வைத்து ரொட்டியில் சுருட்டியது. "அத்தை போன்ல பாத்துப் பழகினது" என்று அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. என்னைப் பார்த்துத் தயங்கினாள். "நீங்க இதெல்லாம் சாப்பிடுவீங்களான்னு தெரியலம்மா."

குவைத்தில் வேலை செய்த வீட்டு மேடத்தின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஏழு வருடம் வியாழன் தவறாமல் இதைச் செய்தவள் நான்.  என் வீட்டுக்காரருடையதில் ஒரு கடி வாங்கித் தின்றேன். சீஸ் உருகவில்லை. ரொட்டி நமத்துக் கிடந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வெட்கமாகத்தான் இருக்கிறது.

மதினி இவருடைய அக்கா. பிள்ளை இல்லாதவர். நிலக்ஷியை ஆறு வயதில் அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். இப்போது பதின்மூன்று. அவரை 'நீ' என்கிறாள். என்னை 'நீங்க'.

ஜூன் 3

சாயங்காலம் இடி இடித்தது. "அத்தே!" என்று கத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூன் 8 – ஞாயிறு

நேற்று ஹட்டனுக்குப் போய் சீஸ் வாங்கி வந்தேன். பார்க்கட்டும், ராப் என்றால் என்னவென்று.

கோழியைத் தயிர், பூண்டு, மிளகாய்த்தூள் போட்டு நேற்றே ஊறவைத்திருந்தேன். மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டிப் பொரித்தேன். ஆவி அடங்கட்டும் என்று வைத்தேன். சூட்டோடு சுருட்டினால் நமத்துப்போகும். மதினிக்குத் தெரியாதது அதுதான். மெல்லிய ரொட்டியில் சீஸோடு சுருட்டி, கல்லில் போட்டு அமுக்கி இரண்டு பக்கமும் சிவக்கவிட்டேன்.

நிலக்ஷி கடித்தாள். மொறுக்கென்று சத்தம். சீஸ் நூலாய் இழுபட்டது. கண் விரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நொடி, மீதியைக் காகிதத்தில் சுற்றினாள்.

"எங்க?"

"அத்தைக்குக் குடுத்துட்டு வாறேன். இந்த மாதிரி அத்தை சாப்பிட்டதே இல்ல."

என்ன வாய் எனக்கு! "அத்தை அத்தைன்னா அங்கயே போய் இருந்துக்க!" என்று கத்திவிட்டேன்.

பாடசாலைப் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 9

வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். என்னத்துக்குச் சிரிக்குதுக ரெண்டும்? என்னைப் பத்தியா?

இவர் சொல்கிறார்: "நீ போகச் சொன்ன, போயிருச்சு. இப்ப ஏன் என்னைப் பாக்குற?"

நான் யாருக்காகப் போனேன்? பெத்தவ நானா, அவங்களா?

ஜூன் 12 – வியாழன்

மதினி கொழுந்து பறித்துவிட்டு, நனைந்த சேலையோடு வந்து வாசலில் நின்றார்.

"நான் ஏன் அதைச் செய்யப் பழகினேன் தெரியுமா வடிவு? அந்த வீட்டுப் புள்ளைங்க ராப் திங்கிற மாதிரி நீ ஒரு படம் அனுப்புனியே. அதைப் பாத்துட்டு இவ ரெண்டு நாளு சோறு திங்கல. அம்மா அவங்களுக்குச் செஞ்சு குடுக்குதுன்னு ஒரே அழுகை."

நான் நன்றாக இருக்கிறேன் என்று காட்டத்தான் அந்தப் படத்தை அனுப்பினேன்.

"இன்னொண்ணும் சொல்லிர்றேன். நீ வர்றேன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோஷமே வரல. நீ புள்ளைய எடுத்துக்குவியோன்னு பயம்." நனைந்த முந்தானையைப் பிழிந்தார். "நீயே வந்து கூப்புடு. வரும்."

ஜூன் 13

போய்க் கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் வந்தாள்.

ஜூன் 22 – ஞாயிறு

மறுபடியும் ராப். எங்கள் அடுப்படியில் மதினி கோவா அரிந்தார். கோழியின் ஆவி அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட நேர்த்தியாகச் சுருட்டுகிறார். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. இருக்கட்டும்.

நிலக்ஷி என்னை ஒட்டி வந்து நின்றாள். "அந்த வீட்டுல சின்னப் புள்ள பேரு என்னம்மா?"

"நூரா."

"அதுக்கு உங்களைத் தேடுமா?"

பொய் சொல்ல வரவில்லை. "தேடும்" என்றேன்.

கல்லிலிருந்த முதல் ராப்பைத் தானே எடுத்து, ஊதி ஊதிக் கடித்தாள்.

"தேடட்டும்" என்றாள்.