யாரும் குடிக்காத காபி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். எந்த மழைக்குத்தான் அங்கே முழங்கால் தண்ணீர் இல்லை?

காபியை இன்றும் கொட்டிவிட்டேன். என் ஆத்துக்காரர் வாசல் கதவைத் திறந்து பேப்பர் எடுத்துவரும் நேரம் எனக்குப் போதும். தம்ளரோடு ஸிங்க் வரை போய்த் திரும்பிவிடலாம். கீமோ ஆரம்பித்ததிலிருந்து வாயில் எப்போதும் பழைய சாவியைச் சப்புகிற மாதிரி ஒரு ருசி. அதிலும் காபி – வேண்டாம், எழுதினாலே குமட்டுகிறது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க மட்டுமே வந்த மனுஷர், நான் படுத்த பிறகு தானே டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, நுரை வர ஆற்றிக் கொண்டுவந்து தருகிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"எப்படி இருக்கு?" என்று எதிரில் நின்று கேட்கிறார்.

"பேஷா இருக்கு. நீங்க குடிச்சேளா?"

"எனக்கு அப்பவே ஆயாச்சு."

நேற்று டாக்டர் மெஹராஜ் ஸ்கேனைப் பார்த்தாள். சினைப்பையில் ஆரம்பித்தது, ஆபரேஷன், கீமோ, திரும்பி வந்தது, மறுபடி கீமோ, இப்போது மூன்றாவது மருந்து. அதற்கும் மசியவில்லை. கல்லீரலில் இருக்கும் கட்டிகள் வளர்ந்திருக்கின்றன. இன்னொரு மருந்து இருக்கிறது, வாராவாரம் ஏற்ற வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

ஆகஸ்ட் 6

யோசித்துச் சொல்லுங்கள். புடவைக் கடையில் சொல்கிற மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பத்மஜா ஐரோலியிலிருந்து லேப்டாப்போடு வந்தாள். பெற்ற பெண் என்று சொன்னால் நம்ப முடியாது, ஆபீஸ் மீட்டிங்குக்கு வந்த மாதிரி சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த மருந்துக்கு எத்தனை பேர் பிழைத்தார்கள், எவ்வளவு காலம் என்று படித்துக் காட்டினாள்.

"அம்மா, தேக்கோ, இதப் பாரு, ட்வென்டி பர்சென்ட் பேருக்குக் கேட்டிருக்கு."

"மீதிப் பேருக்கு?"

"நீ ஏம்மா எப்பவும் அந்தப் பக்கத்தையே பாக்கறே?"

முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவளிடம் போய் சதவிகிதம் பேசுகிறாள் என் பெண்! எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதானே எங்கள் பிழைப்பே. சிரித்தேன். அவள் அழுதுவிட்டாள். மடியில் போட்டுக்கொண்டு தலையைத் தடவினேன். அவள் தலையில்தான் என்ன முடி! என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார்: "பண்ணிண்டுடலாம்." ஏதோ நானும் அவரும் சேர்ந்து ஊசி போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இவருக்குச் சொல்லாமல், கீழ்வீட்டு ஷ்யாமளாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவரை வைத்துக்கொண்டு சில கேள்விகளைக் கேட்க முடியாது.

மெஹராஜ் தாராவியில் பிறந்து வளர்ந்த பெண். வாப்பாவுக்குத் தோல் வியாபாரம். எல்லாரிடமும் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் அவள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழ். அந்தத் தமிழில் பொய் சொல்ல வராது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

"அந்த மருந்து போட்டா என்ன ஆகும்?"

"ஒருவேளை ரெண்டு மூணு மாசம் கூடக் கெடைக்கலாம் ஆன்ட்டி. கெடைக்காமலும் போகலாம். அதுல பாதி நாளு இங்க நாற்காலியிலயும், வீட்டுல கட்டில்லயும் போயிரும். உள்ளதச் சொல்லுதேன்."

"போடலேன்னா?"

"நோய் அது பாட்டுக்குப் போகும். வலிச்சா மாத்திரை இருக்கு. வயித்துல நீர் கோத்தா எடுத்து விட்டுரலாம். வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க. உங்கள அப்படியே விட்டுற மாட்டோம்."

"உங்கம்மாவா இருந்தா என்ன சொல்லுவே?"

"எங்கம்மா நான் சொல்லி எதக் கேட்டிருக்கா, இதக் கேக்க?"

மூன்று பேரும் சிரித்தோம். எழுந்திருக்கும்போது, நாக்கில் ருசி திரும்புமா என்று கேட்டேன். மருந்தை விட்டால் கொஞ்ச வாரத்தில் திரும்பிவிடும் என்றாள்.

திரும்பும் வழியில் டாக்சியை மார்க்கெட்டில் நிறுத்தச் சொல்லி, பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகைக்குப் பேரம் பேசினேன். வைத்துக்கொள்ளத் தலையில் முடி இல்லை. பேரம் பேசுவதற்கு முடி எதற்கு? எனக்கு இதுதான் வேண்டும். வாரா வாரம் அந்த நாற்காலி வேண்டாம்.

ஆகஸ்ட் 14

இவரிடம் சொல்லிவிட்டேன், புது மருந்து வேண்டாம் என்று.

"நிறுத்தப்படாது" என்று சொல்லிவிட்டுத் துளசிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். காலையில்தான் விட்டார். இந்த மழையில் அதற்குத் தண்ணீர் வேறு.

பின்னாலேயே போய் ஏன் என்று கேட்டேன். மறுபடி சொம்பை நிரப்பினார். எனக்குக் கோவம் வந்துடுத்து. யார் உடம்பு இது? ஊசி குத்திக் குத்தி நரம்பு சுருண்டு போனது யார் கையிலே? வாந்தி எடுத்துட்டு பாத்ரூம் தரையிலே உக்காந்திருந்தது யாரு? – இதையெல்லாம் கேட்டேன். அவர் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில்வே அக்கவுன்ட்ஸில் இருந்தபோது கணக்கில் ஒரு பைசா இடித்தாலும் வீட்டுக்கு வரமாட்டார். அந்த முகம்தான். எங்கேயோ எதுவோ இடிக்கிறது, என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று சிங்கமாசம் ஒன்று. எங்களை மாதிரிப் பாலக்காட்டுக்காரர்களுக்கு மலையாள வருஷப் பிறப்பு. சண்டையை அதற்காக ஒத்திவைத்து, நான் படுத்த பிறகு முதல் தடவையாகப் பக்கத்து டிபன் கடைக்குப் போனோம். கல்யாணமான புதிதில் வந்து உட்கார்ந்த அதே மூலை. எனக்கு இட்லி, அவருக்கு ரவா தோசை. கடைசியில் நான் பழைய வழக்கப்படி "ரெண்டு காபி" என்றேன், ஒரு வாயாவது குடித்துவைப்போம் என்று.

சர்வர் கிருஷ்ணா அங்கேயே நின்றார். எங்களை எத்தனையோ வருஷமாகத் தெரிந்தவர். "மாமாக்குக் காபி பந்த் ஆச்சே மாமி. ஒரு வருஷம் ஆச்சு. பார்சல் வாங்க வர்றப்போ வெறும் வெந்நீர்தான் குடிக்கிறார்."

இவர் தோசைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, ஆத்துல தினம் 'அப்பவே ஆயாச்சு'ன்னு சொல்றது?"

தட்டை ஓரமாக நகர்த்தினார். "உனக்குத் திரும்பி வந்ததோல்லியோ, அப்போ குருவாயூரப்பன்கிட்ட வேண்டிண்டேன். உனக்குக் குணமாகற வரைக்கும் காபியைத் தொடமாட்டேன்னு."

காலையில் ஒரு காபி, குளித்ததும் ஒரு காபி, ஆபீஸ் கிளம்பும்போது நின்றபடி ஒன்று என்று இருந்த மனுஷர். தினமும் தன் கையால் போட்டு, மூக்கால் மட்டும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டியிருக்கிறார்.

"நீ நிறுத்தினா, முடியலேன்னு நான் அவன்கிட்டப் போய்ச் சொல்லணும். நான் எப்படிடீ சொல்லுவேன்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடை நிறையக் கூட்டம், பிடித்துக்கொண்டேன். பிறகு என் திருட்டுத்தனத்தையும் சொல்லிவிட்டேன், அவர் போடுகிற காபி முழுக்க ஸிங்க்குக்குத்தான் போகிறது என்று.

"கொட்டினயா? நல்ல பாலையா?"

எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து மேஜையெல்லாம் திரும்பிப் பார்த்தது. ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் யாருக்காக டிகாக்‌ஷன் இறங்கியது?

ஆகஸ்ட் 18

வேண்டுதலை விட்டுவிடுங்கள் என்றால், வாக்கு வாக்குதான் என்கிறார். இவரைக் கட்டிக்கொண்டு அந்தக் குருவாயூரப்பன் என்ன பாடுபடுகிறானோ.

ஆகஸ்ட் 23

ஷ்யாமளாதான் வழி சொன்னாள், துலாபாரம். செம்பூரில் நாங்கள் போகிற கோவிலில் தராசு இருக்கிறது. இவர் அங்கே பூஜை செய்கிற சாந்திக்காரரிடம் போய் மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னாராம். அவர் சாவதானமாக, "அதுக்கென்ன, மாமியைத் தராசுல உக்கார வெச்சு ஒரு துலாபாரம் பண்ணிட்டாத் தீந்துது. எத்தனையோ பேர் இப்படி மாத்திப் பண்றா. பழத்துலயா, சர்க்கரைலயா?" என்றாராம்.

"குணமாகலையே, எதுக்குன்னு சொல்லிப் பண்றது?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

"குணமாக்குன்னு கேட்டது நீங்க. இத்தனை நாள் வெச்சிருந்ததுக்கு நன்றின்னு நான் சொல்லிக்கறேன். என் எடைதானே, என் பேச்சுதான் செல்லும்."

ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் புது மருந்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கணபதி உற்சவக் கூட்டம் ஓயட்டும், அப்புறம் போகலாம் என்று முடிவு.

செப்டம்பர் 6

ரசம் ரசமாக இருந்தது! மிளகு, சீரகம், புளி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. மறுபடி போட்டுக்கொண்டேன். காபி மட்டும் இன்னும் கஷாயமாகத்தான் இருக்கிறது. நாக்கில் அந்த ஓரம் மட்டும் செத்துப்போய்விட்டதோ?

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று துலாபாரத்தில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

சர்க்கரை வாங்கியது அவர். மூட்டையாக டாக்சியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பத்மஜாவும் ஷ்யாமளாவும் வந்திருந்தார்கள். என்னைத் தூக்கித் தட்டில் உட்காரவைத்தார்கள், சின்னக் குழந்தைக்குச் சோறூட்ட உட்காரவைக்கிற மாதிரி. எதிர்த் தட்டில் சர்க்கரைப் பைகளை நாலைந்தாக அடுக்கினார்கள். பாதி வைப்பதற்குள் நான் மேலே போய்விட்டேன். சாந்திக்காரர் இரண்டு பைகளை எடுத்தார். பிறகு இன்னொன்று. தட்டு நின்றது. கீழே தரையில் பைகள் அப்படியே மிச்சம் இருந்தன.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் என்னை எடை பார்க்கிறார்கள், இவர் பக்கத்தில்தான் நிற்பார். ஆனால் கடையில் போய் நின்றபோது பழைய பாகீரதிக்குத்தான் சர்க்கரை வாங்கியிருக்கிறார்.

"நன்னா குண்டா இருந்தப்போ வேண்டிண்டிருந்தேளானா திவாலாயிருப்பேள்" என்றேன் மேலேயிருந்து. ஷ்யாமளா சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. மிச்சப் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பைகளைப் பார்த்தார். கிட்டே வந்து, தட்டில் உட்கார்ந்திருந்த என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போறும், பாகீ" என்றார். "இனிமே உன்னை அங்கே கூட்டிண்டு போகலை. போறும்."

பத்மஜா தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவளும் தலையை ஆட்டினாள். எனக்கு அழுகை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை நாள் வைத்திருந்தாயே, நன்னாத்தான் வைத்திருந்தாய் என்று சொன்னேன். மனசாரச் சொன்னேன்.

செப்டம்பர் 15

முதல் காபி! தனக்கும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் எச்சில் பார்க்கிற மனுஷர், எதையும் தூக்கித்தான் குடிப்பார். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இதையா இத்தனை நாள் நான் உனக்குக் குடுத்தேன்?"

"ஸிங்க்குக்குக் குடுத்தேள்."

ருசி பார்க்காமலே ஒரு வருஷம் காபி போட்டால் வேறெப்படி இருக்கும்? பொடியைக் கண்ணால் அளந்து, கொதிக்கிற வெந்நீரை ஒரேயடியாகக் கொட்டி... நான் வேறு தினம் "பேஷ்" என்று சொல்லி அதை வளர்த்துவிட்டிருக்கிறேன். என் நாக்கு எப்போதோ சரியாகிவிட்டிருக்கிறது, பாவம், அதைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பொடியை எப்படி அமுக்குவது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். காலை முழுக்கப் போயிற்று. சந்தோஷமான காலை.

அக்டோபர் 4

அவருடைய டிகாக்‌ஷன்: இன்று பாஸ் மார்க்.

அக்டோபர் 20, திங்கள் – தீபாவளி

போன வாரம் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். புடவை கட்ட லேசாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிட்டது பத்மஜா. தலையில் பூனைமுடி மாதிரி முளைத்திருக்கிறது, அதற்கும் ஒரு சொட்டு வைத்தாள். நர்ஸ் வந்து மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போனாள்.

தீபாவளி மருந்தை இவர் உருட்டிக் கொடுத்தார், சுக்கும் வெல்லமும் மணக்க மணக்க. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். இந்த மருந்துக்கு நான் எப்போது மாட்டேன் என்றேன்?

நவம்பர் 11

படியிறங்க முடியவில்லை. ஷ்யாமளா மல்லிகை வாங்கி வந்தாள். என்ன விலை என்று கேட்டேன். ஏமாந்துவிட்டாள்.

நவம்பர் 22

தூக்கம் நிறைய. வலி இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

கோழி கிண்டினாற்போல் இருக்கிறது எழுத்து.

காலையில் காபி கொண்டுவந்தார். தலையணையை நிமிர்த்தி வைத்து, ஸ்பூனால் கொடுத்தார். இரண்டு ஸ்பூன்தான் இறங்கியது. மணம் நன்றாக இருந்தது. மூன்றாவது வாயை, ஸ்பூன் வேண்டாம் என்று, தம்ளரின் விளிம்பில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்தேன், முடியவில்லை. போதும் என்று தலையசைத்தேன்.

ஸிங்க்கில் கொட்டுவார் என்று பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் வாய் வைத்த அதே தம்ளரில், அதே விளிம்பில் வாய் வைத்து, நிதானமாக மிச்சத்தையெல்லாம் குடித்தார்.

"இன்னிக்கு டிகாக்‌ஷன் சரியா விழுந்திருக்கு" என்றார்.

சரியாகத்தான் விழுந்திருந்தது.