கூட்டினால் எட்டு

நவம்பர் 6, 2024

இவருக்குக் கால் கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாதமாகுமாம். லோடு ஆட்டோ வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு நாகலாபுரம் பக்கம் போனபோது மழையில் சறுக்கிக் கவிழ்ந்த வண்டி.

"வண்டி நம்பர் 7919. கூட்டிப் பாரு, எட்டு. எல்லாரும் வேண்டாம்னு விட்ட நம்பர்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியளா? வித்துத் தொலைங்க" என்கிறார் அத்தை. இவரும், "இனி அதுல ஏற மாட்டேன் சுதா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டியரிங்கை விட்டால் இவருக்கு வேறு என்ன தெரியும்? நனைந்த கரிசல் மண்ணுக்கு எட்டும் தெரியாது, ஒன்பதும் தெரியாது. யாரிடம் சொல்ல?

நவம்பர் 8

பி.எஸ்சி. கணிதம் படித்தவள். தினமும் கண்ணில் பட்ட எண்ணை இன்றுதான் பார்த்தேன். அடுப்படியில் நின்றே வகுத்தேன். மூன்றால் போகவில்லை. ஏழால் போகவில்லை. 89ஐ 89ஆல் பெருக்கினால் 7921. அதனால் 83 வரை பார்த்தால் போதும். எதனாலும் போகவில்லை. பகா எண்!

பக்கத்து எண் 7920ஐ அறுபது எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். கூட்டினால் ஒன்பது, எல்லாருக்கும் பிடித்த ராசி எண். அதை ஒட்டியே இது, யாருக்கும் வளைந்து கொடுக்காமல். உடம்பு சிலிர்த்துவிட்டது. சோறும் குழைந்துவிட்டது.

நவம்பர் 9

பகா எண் வரிசையில் இது எத்தனையாவது? போனில் தேடினால் உடனே சொல்லிவிடும். தேடவில்லை.

நவம்பர் 12

1 முதல் 7919 வரை எண்களை அச்சடித்து வாங்கிவந்து இவர் மடியில் போட்டேன். "ஒண்ணு கணக்குல சேராது, அடிங்க. ரெட்டையை எல்லாம் அடிங்க. பெறவு மூணை விட்டுட்டு, மூணால போறதை அடிங்க. அப்பிடியே அஞ்சு, ஏழுன்னு 83 வரைக்கும்; மிஞ்சுறதெல்லாம் பகா எண்." "எனக்கென்ன கிறுக்கா?" என்றவர் சாயங்காலம் சிவப்புப் பேனா கேட்டார்.

நவம்பர் 23

அடித்தது போக மிஞ்சியதை எண்ணினோம். 999. திரும்பவும் 999. ச்சே, ஒன்றே ஒன்று! இவர் முகம்தான் ரொம்ப வாடியது.

சும்மா முதல் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு அடிபட்டுக் கிடக்கிறது! இரட்டையில் அது ஒன்றுதான் பகா எண். "ஏட்டி, ரெட்டையை எல்லாம் அடிக்கச் சொன்னது நீதான?" ஆமாம், நான்தான்.

ஆயிரம். சரியாக ஆயிரம்!

எண்களுக்கு முடிவே கிடையாது. அதில் ஆயிரமாவது பகா எண் எங்கள் வாசலில் வந்து நிற்கிறது — எட்டு வருகிறதென்று மற்றவர்கள் வேண்டாம் என்றதால்.

பேனாவை மூடியபடி இவர், "கூட்டுனா எட்டுதான வருது?" என்றார்.

"வருது" என்றேன்.

நவம்பர் 24

வண்டியை விலைக்குப் பார்க்க ஆள் வந்தது. "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று இவர் அனுப்பிவிட்டார். அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரி 20, 2025

கழுகுமலைக்கு முதல் லோடு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஊர் தாண்டும்வரை இவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஓட்டினார்.

வண்டியின் பின்னால் 'ஆயிரமாவது' என்று பெயின்டரை வைத்து எழுதியிருக்கிறார். டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "எதுல ஆயிரமாவது அண்ணாச்சி?"

"உடையாத நம்பர்ல. யாராலயும் உடைக்க முடியாது."

விளக்கம் முழுசாகச் சரியில்லை; ஒன்றாலும் 7919ஆலும் வகுபடும். திருத்த வாயெடுத்தேன். இவர் காலை லேசாக இழுத்து நடந்துபோய், கதவைப் பிடித்து வண்டியில் ஏறினார்.

திருத்தவில்லை.