ஞாயிறு ஐந்து ஐம்பது

பர்லாத்,
செப்டம்பர் 24

அன்புள்ள அம்மாவுக்கு ரஸ்வான் எழுதுவது.

இத்தாலிக்கு, பொலோனியா போகும் மினிபஸ்ஸில் உனக்குப் பெட்டி வருகிறது. அத்தை செய்த ஸகுஸ்கா, அந்தக் கத்திரிக்காய்த் தொக்கு, ஆறு பாட்டில். அதற்கு அடியில் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன்.

ஐந்து வாரமாக வீடியோவில் அப்பா முகமே வரவில்லை, நெட் கோளாறு, போய்ப் பார் என்று என் உயிரை எடுத்தாய். வந்து நாலு நாளாயிற்று. கோளாறு எதுவும் இல்லை.

வீட்டில் மூன்று பெட்டி. மோடம் வெளி லைனை உள்ளே கொண்டுவருகிறது. ரவுட்டர் அதை டிவி, டேப்லெட் என்று எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஸ்விட்ச் வயர் சொருகக் கூடுதல் துளைகள், அவ்வளவுதான். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னால் அப்பா ஸ்விட்சை அணைப்பார். "மூணும் ஒரே மாதிரி கண் சிமிட்டுது, எனக்கென்ன தெரியும்" என்பார். நீயும் நம்பினாய், நானும் நம்பினேன்.

ரவுட்டர் மேல் நீ பின்னிய லேஸ் துணியைப் போர்த்தியிருந்தார். சூட்டில் செத்திருக்கும் என்று நினைத்தேன். லைன் எப்போது போனது, எப்போது வந்தது என்று ரவுட்டர் குறித்து வைக்கும். படித்தேன். ஞாயிறு ஐந்து ஐம்பதுக்குப் போகிறது, ஏழுக்கு வருகிறது. ஐந்து ஞாயிறும் அப்படியே. நீ கூப்பிடுவது ஆறு மணிக்கு.

மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள வயரை மட்டும் பிடுங்கியிருக்கிறார். மூன்றிலும் விளக்கு எரியும், நெட் வராது. போன கிறிஸ்துமஸுக்கு நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த பாடம். நன்றாகத்தான் படித்திருக்கிறார்.

பேச்சு ஏன் குழறுகிறது என்றதற்கு, பல் பிடுங்கியது, வீக்கம் என்று போனில் உன்னிடம் சொன்ன கதையை வாசலிலேயே எனக்கும் சொன்னார். பல் இல்லை அம்மா. ஆகஸ்டில் ஒருநாள் காலை எழுந்தபோது வாய் இடப்பக்கம் தொங்கிவிட்டது. இடது கையில் டம்ளர் நிற்பதில்லை.

"உங்கம்மா பார்த்தா அன்னைக்கே மூட்டையைக் கட்டிடுவா. அங்க அவ வேலை பார்க்கிற வீட்டுக் கிழவியை யாரு தூக்கி உட்கார வைப்பாங்க? நீ வாயை மூடுடா, இன்ஜினியர்" என்றார். "உங்க வாய்தான் மூட மாட்டேங்குது" என்றேன். இருவரும் சிரித்தோம். அவருக்குப் பாதிதான் வந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

உன்னை வரச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லவில்லை. ஞாயிறு ஆறு மணிக்குக் கூப்பிடு. வயரைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். படம் வரும். பார்த்ததும் அழாதே, அவருக்குத் தாங்காது.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும் என்று அப்பா எழுதச் சொல்கிறார். ஸகுஸ்காவைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் மகன்,
ரஸ்வான்