பாய்லர் கயிற்றில் ஒரு பிரிமணை

இன்று காலை சமையலறைப் பரணை ஒழித்தபோது நீ கட்டிக் கொடுத்த பிரிமணை கிடைத்தது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் பாய்லர் குழாய்களுக்குச் சுற்றியது போக மிஞ்சிய வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. அதை வட்டமாகச் சுருட்டிக் கம்பியால் கட்டி, "எவ்ளோ சூடு வெச்சாலும் ஒண்ணும் ஆவாது, தங்கச்சிகிட்ட குடு" என்றாய். என் மனைவி பல வருஷம் அதன்மேல்தான் சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். இன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதறாமல், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினேன்.

நீயும் நானும் ஒரே நாளில் ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வேலைக்குச் சேர்ந்தோம். உனக்கு ஒப்பந்தக் கூலியாக பாய்லர், எனக்கு டைம் ஆபீஸ். பழைய கயிற்றைப் பிய்த்தெடுக்கும் நாளில் தலை, மீசையெல்லாம் வெள்ளையாக வந்து நிற்பாய். "வயசாயிட்ச்சிடா எனக்கு" என்பாய். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே வருகைப் பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே 'தோட்ட வேலை' என்று எழுதுவேன். ஒப்பந்த ஆளை பாய்லரில் வைத்திருப்பது வெளியே தெரியக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் உன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வேலியோரம் அனுப்பிவிடுவோம். "நான் வெச்ச செடி ஒண்ணு காட்டுடா பாக்கலாம்" என்று கேலி செய்வாய். பதினெட்டு வருஷம் உன்னைத் தோட்டக்காரனாகவே எழுதினேன்.

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்டிப்பட்டுவிட்டது என்று வேலூரில் டாக்டர் சொன்ன பிறகு, வக்கீலைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். நாலு படி ஏற இரண்டு முறை நின்றாய். தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் இது இருக்கிறது, தொழிலாளர் துறையில் நஷ்டஈடு கேட்கலாம், தாமதமாகியிருந்தால் காரணம் சொல்லி மனுப் போடலாம், நீ இல்லாமல் போனாலும் குடும்பம் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாய். எல்லாவற்றுக்கும் குறுக்கே நின்றது என் கையெழுத்திலிருந்த அந்தப் பதிவேடு.

"டாக்டர் பேப்பர் இருக்கு. நான் பாய்லர்ல இருந்தேன்னு நீ ஒரு கடுதாசி குடு, போதும்."

"பாக்கலாம்டா" என்றேன். நான் ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தது. இப்போது இதை நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பயந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து நீயே, "சரி, பேஜார் பண்ணிக்காத" என்று எழுந்து போனாய். அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை. உன் சாவுக்கு வந்தும் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

போன மாதம் ரிட்டயரானேன். இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்றானதும் தைரியம் வந்துவிட்டது, வெட்கக்கேடு. மத்தியானம் உன் மனைவியோடு அதே வக்கீலிடம் போய்ப் பையை மேசைமேல் வைத்தேன். "இது அந்த பாய்லர் கயிறு. ரெஜிஸ்டர்ல தோட்ட வேலைன்னு எழுதினது நான்தான் சார். பொய்யா எழுதினேன்" என்றேன். கயிற்றைச் சோதனைக்கு அனுப்பலாம், என் வாக்குமூலமும் சேர்ந்தால் மனு நிற்கும் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் உன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"உடுங்கண்ணா. கடைசி வரிக்கும் சொல்லிட்டே இருந்தாரு, 'அவன் எழுதிக் குடுப்பான், கொஞ்சம் டைம் ஆவும்'னு" என்றாள்.

ஒரு திட்டாவது வைத்துவிட்டுப் போயிருந்தால் சுமப்பது சுலபமாக இருந்திருக்கும். நீ என்னிடம் விட்டுப்போனது இந்த நம்பிக்கையை.