பெடல் இல்லாமல் வந்த சைக்கிள்

மார்ச் 4

அன்புள்ள பார்சல்காரருக்கு,

நான் நலம். போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்கிறீர்கள். கடைசியில் இருவருமே பட்டென்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். இதிலாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. விமானத்தில் சைக்கிள் வந்துவிட்டது, பெடல் இரண்டும் வரவில்லை. ஹேண்டில்பார் திருப்பியபடி, டயரில் காற்று இறக்கியபடி, கம்பிகளுக்கு நீங்கள் சுற்றிய பஞ்சு சுற்றியபடி, மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீங்கள் கழற்றிப் பையில் போட்டு உள்ளே வைத்த பெடல்களை மட்டும் காணோம். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, யாரைப் போட்டு அடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பெட்டியின் ஒரு மூலை கிழிந்திருந்தது. விடுவேனா? மறுபடி விமான நிலையத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். லக்கேஜ் இறக்குகிற ஆட்கள் மீது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரித்து முடிக்கும்வரை சைக்கிளை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

இங்கே முதியோர் இல்லத்தில் என் ஷிஃப்ட் விடியுமுன் தொடங்குகிறது. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதற்காகத்தானே உறவுக்காரர்கள் எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தேன்? மழையில் ஓட்டமும் நடையுமாகப் போயும் இந்த வாரம் இரண்டு முறை தாமதம். "இன்னொரு தடவை லேட்டா வந்தா நீங்க வரவே வேணாம்" என்று சூப்பர்வைசரம்மா சொல்லிவிட்டார். வேலை போனால் என் விசா போகும். அதை நம்பி, என் வீட்டுக்காரர் என்று ஜூனில் வரப்போகிற உங்கள் விசாவும் போகும்.

பெடல் பையைப் பெட்டியில் எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று சரியாக எழுதுங்கள். புகாரில் சேர்க்க வேண்டும்.

உங்கள்
ராங்கி

மார்ச் 15

அன்புள்ள ராங்கிக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கை கட்டிய பார்சல் எதுவும் இதுவரை வழியில் சிந்தியதில்லை. ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். கண்ணாடி, பீங்கான், உயிரோடு மீன் வரைக்கும் கட்டி அனுப்பியவன் நான். அதனால் கட்டியதில் குறை சொல்லாதே. அந்த விமானத்துக்காரர்களுக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது.

நான் அன்றைக்கே தலைதலையாக அடித்துக்கொண்டேன். பிழைக்கப் போகிறவள் எவளாவது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவாளா? "மேடம், சைக்கிள் உங்க பையனுக்கா?" என்று கவுன்ட்டரில் கேட்டார்களே, அப்போது பின்னால் நின்ற என் தங்கை வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. முப்பத்தாறு வயதில் ஓட்டப் பழகி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றவள் நீ. அந்த ஊர் ரோடு உனக்கு என்ன தெரியும்?

அவசரப்பட்டு அங்கே புதுப் பெடல் வாங்கி மாட்டாதே. அந்த நாட்டுப் பெடல் உன் சைக்கிளுக்குச் சேராது, மரை அழிந்துவிடும். கொஞ்ச நாள் நடந்தால் கால் தேய்ந்து போகாது. சீக்கிரம் கிளம்பு, அவ்வளவுதான். ஜூனில் வந்ததும் அதே பெடலை என் கையாலேயே மாட்டித் தருகிறேன்.

என் விசாவுக்கு நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள் வந்துவிட்டதா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
பார்சல்காரன்

மார்ச் 25

பார்சல்காரருக்கு,

அதே பெடலையா?

உங்கள் கடிதத்தை அந்த இடத்தில் நிறுத்தி எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தொலைந்துபோன பெடலை ஜூனில் நீங்கள் எப்படிக் கொண்டுவந்து மாட்டுவீர்கள்? எனக்குக் காதில் பூச்சுற்றுகிறீர்களா? சைக்கிள் கடைக்கும் போய்க் கேட்டேன். கடைக்காரர் போட்டோவைப் பார்த்தார், சைக்கிள் பெயரைக் கேட்டார். "இங்க இருக்கிற எதை வேணா எடுத்து மாட்டுங்க, கச்சிதமாச் சேரும்" என்றார். இருபது வருடம் பார்சல் ஆபீசில் ஸ்பானர் பிடித்த உங்களுக்கா இது தெரியாது?

நேற்று விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லக்கேஜ் ஆட்கள் இரண்டு பேரைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். ஒருவருக்கு உங்கள் வயது இருக்கும். "நாங்க தொடவே இல்லைம்மா" என்று என்னிடம் கையை விரித்துக் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு பேரையும் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது.

ஒரே கேள்வி. பெடல் எங்கே? சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

ராங்கி

ஏப்ரல் 4

ராங்கிக்கு,

ஆமாம், நான்தான் எடுத்தேன். இப்போது என்ன செய்யப் போகிறாய்? என் மேசை டிராயரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஊரான் பொருளையா திருடிவிட்டேன்? போலீஸ் மாதிரி கேள்வி கேட்கிறாய்.

நீயாக எதையும் யோசிக்க மாட்டாய் என்பதால் நானே சொல்கிறேன். சைக்கிளில் ஏறிய நாளிலிருந்து நீ ஆளே மாறிவிட்டாய். கடைக்குக் கூட்டிப் போகச் சொல்வதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவதில்லை. ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன், "நானே போய்ட்டு வந்துட்டேங்க" என்று உள்ளே போவாய். ஒரு நாளாவது என் முகத்தைப் பார்த்தாயா? அங்கேயும் போய் மூன்று மாதத்தில் ஊர் முழுக்கத் தனியாகச் சுற்றிப் பழகிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? சமையலறையில் நிற்கவா? நான் வரும்வரை வேலை உண்டு, அறை உண்டு என்று இருக்கட்டும் என நினைத்தேன். உன்மேல் ஆசை இல்லாதவன் இதையெல்லாம் நினைப்பானா?

அந்த லக்கேஜ் ஆட்களுக்காக ரொம்ப உருகாதே. இதை எடுக்காவிட்டாலும் வேறு எதையாவது எடுத்திருப்பார்கள். எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். என் பெயரை இழுக்காதே.

விசாத் தாளில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. ஆபீசில் சொல்லிவிட்டேன், என் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள்.

பார்சல்காரன்

ஏப்ரல் 14

உங்களுக்கு,

புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். எங்கோ விழுந்துவிட்டது என்று சொல்லவில்லை. "என் வீட்டுக்காரரே எடுத்து வெச்சுக்கிட்டு வெறும் சைக்கிளை அனுப்பியிருக்கார்" என்று சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கூசிப்போனது. அந்த இரண்டு பேரையும் வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். மூத்தவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப நாளைலேருந்து வேலைக்கு வரலாமா?" என்று அதிகாரியிடம்தான் கேட்டார், என் பக்கம் திரும்பவே இல்லை.

வருகிற வழியில் பெடல் வாங்கினேன். சுலபமாகச் சேர்ந்தது. இப்போது சூப்பர்வைசரம்மா கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே போய் நிற்கிறேன்.

உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியாமல் போனது என் தவறாகவே இருக்கட்டும். வாசலில் ஸ்கூட்டரோடு நின்றவரின் முகத்தை நான் பார்த்திருக்கலாம். ஆனால் "எனக்கு மனசு கேக்கல, இதை விட்டுட்டுப் போ" என்று ஒரு வார்த்தை நீங்களும் சொல்லியிருக்கலாமே? அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், உட்கார்ந்து பேசியிருப்போம். பெட்டி கட்டிய அன்று உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து டேப் வெட்டி வெட்டிக் கொடுத்தேன். "உங்களை மாதிரி யாருங்க இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டுவாங்க?" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

பெடலை எடுத்ததைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேனோ என்னவோ. பயத்தில் செய்துவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். என் முதல் கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதில் இருக்கிறதே, அதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நான் இருட்டில், மழையில், தனியாக நடக்கிறேன், வேலை போகப்போகிறது என்று எழுதியிருந்தேன். பெடல் உங்கள் டிராயரில் இருந்தது. என் கடிதம் உங்கள் கையில் இருந்தது. அப்போதுதான் நீங்கள் எனக்கு, சீக்கிரம் கிளம்பு என்று எழுதினீர்கள்.

விசாத் தாள் வந்து பத்து நாளாகிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடப் போவதும் இல்லை. நீங்கள் வர வேண்டாம். ஆபீசில் உங்கள் இடத்துக்கு ஆள் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்