ஓரத்தில் இரண்டு மயில்

1966, ஐப்பசி, வெள்ளி இரவு

கம்ப்யூட்டரில் எண்களை வரிசைப்படுத்த நான் கண்ட முறையைப் பற்றிய கட்டுரை நாளை லண்டன் இதழுக்குத் தபாலில் போகிறது. அதற்கான படத்தை, சிவகாசியில் பட்டாசு லேபிள் வரையும் பரமசிவத்திடம் வரையக் கொடுத்திருந்தேன். கட்டங்களும் அம்புகளும் கச்சிதம். ஆனால் ஓரத்தில் இரண்டு மயில்.

"என்னய்யா இது?"

"மொட்டையா கெடந்துச்சு சார். கண்ணப் பறிச்சாத்தான சரக்கு போகும்?"

வாய்விட்டுச் சிரித்தேன். நான் எழுதிய போன கட்டுரையில் துறைத்தலைவர் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட பிறகு நான் சிரித்ததாக நினைவில்லை.

மயில் இல்லாமல் மறுபடி வரைந்து கொடுத்தார். கட்டுரையின் முதல் தாளில் தலைப்பையும் பெயரையும் அவரையே எழுதச் சொன்னேன்.

"யாரு பேரு சார் போடணும்?"

"என் பேரு மட்டும்."

"அப்ப பெருசாவே போட்டுருதேன்."

என் பெயர் லேபிள் எழுத்துப் போலக் கொட்டையாக இருக்கிறது. திருத்தவில்லை. அப்படியே உறையிலிட்டு ஒட்டிவிட்டேன்.