அறிவிப்புகள் என்றொரு ஃபோல்டர்

நவம்பர் 7, திங்கள்

மழை, நான்காவது நாள். ஏழு ரோட்டில் மேகம் மாடி ஜன்னல் வரை. ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை, கரண்ட் போய்க் கத்திக்கொண்டிருந்த யூ.பி.எஸ்.ஸை அணைத்தது.

சென்னைக் கம்பெனியின் இந்த மாதச் சுற்றறிக்கை வந்துவிட்டது. நாங்கள் அவர்களுக்கு மலை ஏஜெண்ட். டொமைன் பெயர் விற்பது, மின்னஞ்சல் பெட்டி விற்பது, அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழாக்கி எல்லா வாடிக்கையாளர் பெட்டிக்கும் அனுப்புவது. கடைசியது என் வேலை. எம்.ஏ. படித்ததற்கு.

இம்மாதம்:
– பெட்டியின் அளவு 25 எம்.பி.யிலிருந்து 100. கட்டணம் இல்லை.
– வைரஸ் வடிகட்டி, புதிது.
– .in பெயர்கள். இனி யாரும் வாங்கலாம்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்'. இரண்டை வெட்டினேன். ஜெயராஜ் அண்ணன் (முதலாளி, இனி ஜெ.அ.) திரும்பப் போடச் சொன்னார். "எம்.ஏ., மகிழ்ச்சிய நீங்களா தரப்போறீங்க? கம்பெனி தருது, போடுங்க."

போட்டேன்.

மதிய சாப்பாடு: தயிர் சாதம், உறைந்து கிடந்தது.

நவம்பர் 8, செவ்வாய்

காலை உறைகள். மன்னவனூர் 3, பூண்டி பூண்டு வியாபாரி 6, பெரும்பாறை 1.

மலைக் கிராமங்களில் உள்ளவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பெட்டியை நாங்களே திறந்து, கடிதங்களை பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டு, பெயர் எழுதி, ஊர் பஸ் கண்டக்டர் கையில் கொடுப்போம். டீக்கடையில் இறங்கும். ஜெ.அ. இதை 'மலை மெயில்' என்பார். முன்பு கம்பெனிச் சுற்றறிக்கையையும் பிரிண்ட் எடுத்து அனுப்பினோம். அதில் வடை மடித்துக் கொடுக்கிறார்கள் என்று கண்டக்டர் வந்து சொன்னார். ஜூலையில் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். கம்பெனியிலிருந்து வருவது எதுவானாலும் தானாகவே 'அறிவிப்புகள்' என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். கடிதம் மட்டும் பிரிண்ட். மை மிச்சம், தாள் மிச்சம். ஜெ.அ. பாராட்டினார்.

பெரும்பாறைக்குப் போன அந்த ஒன்று சந்தனம் அவர்களுக்கு. காப்பித் தோட்டத்தில் வாட்ச்மேன், வயது அறுபத்தைந்து இருக்கும். இலங்கையில் குயில்மலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த குடும்பம். அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே ஒரு டொமைன் வைத்திருக்கிறார். ஒரே பக்கம். குயில்மலையிலிருந்து வந்தவர்களின் பெயர், இப்போது இருக்கும் ஊர். இறந்தவர்களுக்கு நேராக 'கா.', காலமானார். பள்ளிக்கூட நோட்டில் வைத்திருந்ததை நான்தான் அடித்து ஏற்றினேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஹட்டனிலிருந்து சுகந்தி எழுதினாள். சந்தனத்தின் தங்கை பாக்கியத்தின் பேத்தி. பாக்கியம் அங்கேயே தங்கிவிட்டவர். புருஷன் வீட்டுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அண்ணனும் தங்கையும் பார்த்து முப்பது வருஷத்துக்கு மேல்.

சுகந்தி ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பாள். சந்தனத்துக்கு ஆங்கில எழுத்து வராது. அதனால் அவருடையதை மட்டும் பிரிண்ட் எடுப்பதில்லை, கையால் தமிழில் எழுதி அனுப்புவேன். இன்றைக்கு எழுதியது: அப்பாயி (பாக்கியம்) யாத்திரைக் கோஷ்டியோடு கார்த்திகை பிறந்ததும் பழனி வருகிறது, ஒரே ஒரு நாள், தேதியும் இடமும் அடுத்த கடிதத்தில்.

நவம்பர் 9, புதன்

சந்தனம் டீக்கடை போனிலிருந்து கூப்பிட்டார். உறை கிடைத்ததாம். தேதி வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், டீக்கடைக்குச் சொல்லிவிட வேண்டும். "சொணங்கிறாம பாத்துக்க புள்ள. ஒத்த நாளு தான் அவளுக்கு."

சரி என்றேன்.

ரா.விடமிருந்து ஒரு மடல். மதுரையில் உடன் படித்தவள். தலைப்பு: இருக்கிறாயா? திறக்கவில்லை. காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

நவம்பர் 12, சனி

துணி காயவில்லை. ஸ்வெட்டரில் ஈர நாய் வாடை.

பெரும்பாறை: 0. மூன்று நாளாக 0.

நவம்பர் 14, திங்கள்

குயில்மலைப் பெட்டி காலி. அது இல்லை விஷயம். குப்பைகூட இல்லை. லாட்டரி விழுந்தது, மாத்திரை மலிவு, எதுவும் ஐந்து நாளாக வரவில்லை. குப்பை வராத பெட்டி என்று ஒன்று கிடையாது.

பக்கத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. டொமைன் ஒன்பதாம் தேதி காலாவதி, பெட்டியும் அதோடு.

'அறிவிப்புகள்' ஃபோல்டர். உள்ளே வரிசையாக: முதல் நினைவூட்டல். இரண்டாம் நினைவூட்டல். இறுதி நினைவூட்டல். மூன்றும் திறக்கப்படாமல்.

முன்பெல்லாம் டொமைனைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் ஆபீஸுக்குத் தபால் கார்டு வரும். செப்டம்பர் சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'நினைவூட்டல்கள் இனி பதிவு செய்த மின்னஞ்சல் முகவரிக்கு மட்டுமே அனுப்பப்படும் என்பதை மகிழ்ச்சியுடன்.' என் தமிழ். நல்ல வாக்கியம்தான், எங்கும் இடறவில்லை.

புதுப்பித்தேன். பத்து நிமிஷ வேலை. பெயர் உயிர் பெற இரண்டு நாள் ஆகலாம் என்கிறது கம்பெனி. இடையில் யாராவது எழுதியிருந்தால் அவர்களுக்கே திரும்பிப் போயிருக்கும். எழுதினார்களா என்று அறிய வழியில்லை.

ஆபீஸ் முகவரியிலிருந்து சுகந்திக்கு எழுதினேன். பழுது, தேதியை மறுபடி அனுப்பவும். அவள் வாரத்துக்கு ஒருமுறைதான் இன்டர்நெட் கடைக்குப் போய்ப் பார்ப்பாள், ஞாயிறுகளில். நேற்று ஞாயிறு.

ஜெ.அ.விடம் சொன்னேன். டீயைக் கீழே வைக்காமல் கேட்டார். "சர்வர் ரிப்பேர்னு சொல்லிருங்க. கேட்டா மட்டும். கேக்காட்டி அதுவும் வேணாம்."

பயம் வரும் என்று காத்திருந்தேன். பசி வந்தது.

நவம்பர் 16, புதன்

குயில்மலைப் பக்கம் திறக்கிறது. பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. பெட்டியில் இரண்டு லாட்டரி. கடிதம் இல்லை.

டீக்கடைக்குப் போன் போடலாம். எண் என் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. போடவில்லை. பூண்டிக்காரருக்கு உறை ஒட்டினேன்.

நவம்பர் 18, வெள்ளி

மழை விட்டது. வெயில் வந்து சுவரில் பூஞ்சையைக் காட்டியது.

பத்தரைக்கு சந்தனம் நேரில் வந்தார். முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பையில் கமலா ஆரஞ்சு, பச்சையும் மஞ்சளுமாக. சலவை வேட்டி. கார்த்திகை பிறந்து இது இரண்டாம் நாள் என்றார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றார்.

ஜெ.அ. டீ வரவழைத்தார். சந்தனம் பாக்கியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னதில் பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, நேரமாகிவிட்டால் லயத்து வீட்டுக்குள் ஒளிந்துகொள்வாளாம், கங்காணி வந்து கூப்பிட்டால் உள்ளேயிருந்து 'பாக்கியம் இல்ல' என்று அவளே பதில் சொல்வாளாம். ஜெ.அ. சிரித்தார். நானும்.

பிறகு சந்தனம் என்னைப் பார்த்தார்.

"தேதி ஏதும் வந்துச்சா தாயி?"

"இன்னும் வரலைங்க."

பொய் இல்லை. வரவில்லைதான். ஜெ.அ. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வரை சந்தனம் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஆரஞ்சுப் பையை என் மேஜைமேல் வைத்தார். ஜெ.அ.வின் மேஜைமேல் இல்லை.

நவம்பர் 19, சனி

ஆரஞ்சு ஒன்று உரித்தேன். புளிப்பு. முழுக்கத் தின்றேன்.

நவம்பர் 21, திங்கள்

சுகந்தி எழுதியிருக்கிறாள், நேற்று. எழுத்துக்கூட்டி அப்படியே இங்கே:

'தாத்தாவுக்கு. ஆபீஸ்ல இருந்து பழுதுன்னு வந்தத இன்னைக்கு தான் பாத்தேன். ரெண்டு தரம் அடிச்சேன், தேதி தெரிஞ்ச ஒடனே வியாழன், பொறவு ஞாயிறு. ரெண்டும் திரும்பி வந்திருச்சி. அப்படி ஒரு விலாசமே இல்லைன்னு போட்டிருந்திச்சி. அந்த பேர் பக்கமும் தொறக்கல. கடைக்கார அண்ணன் சொன்னாரு, ஆள் இல்லாட்டி தான் இப்படி மூடிருவாங்கன்னு. அப்பாயிகிட்டயும் சொன்னேன். பழனிக்கு வெள்ளிக்கிழம போய் சேந்திச்சி. காலையில இருந்து பாத விநாயகர் கோயில்கிட்டயே நின்னிச்சாம். மலைக்கு ஏறல. எல்லாரும் சாமி பாத்துட்டு எறங்கினப்பொறவும் நின்னிச்சாம். சாயந்தரம் அஞ்சு மணிக்கி பஸ் எடுத்துட்டாங்க. அதுக்கு முன்ன ஒங்க பேருல மோட்ச வெளக்கு போட்டிருச்சி தாத்தா. நீங்க இருந்தா மன்னிச்சிக்கங்க.'

வெள்ளிக்கிழமை.

கணக்குப் போட்டேன். பதினொன்றுக்குப் பழனி பஸ் நம் ஸ்டாண்டிலிருந்தே. இரண்டு மணிக்கு அடிவாரம். மூன்று மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும். தேதி தெரிந்திருக்கத் தேவையே இல்லை. கடிதங்கள் திரும்பிப் போயின என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும், அவர் கார்த்திகை முடியும்வரை அங்கே போய் நின்றிருப்பார்.

தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதியில் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டேன். 'பழனிக்குப் போய் வந்தது' என்று மட்டும். படிக்கச் சரியாகத்தான் இருந்தது. அவர் ஆங்கில எழுத்துப் படிக்கமாட்டார். அவருக்கும் சுகந்திக்கும் நடுவில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஜெ.அ. எட்டிப் பார்த்தார். "அதையே குடுத்து விடுங்க எம்.ஏ. வயசான மனுசன்."

கிழிக்கவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டேன். இரண்டாவது பிரதி எழுதினேன். எல்லாம்.

கண்டக்டரிடம் கொடுக்கவில்லை.

நவம்பர் 22, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டு தாண்டிக்குடி வழி பஸ். வளைவுகளில் வாந்தி வரும் என்று எலுமிச்சை வைத்திருந்தேன். வரவில்லை. பெரும்பாறையில் காது அடைப்பு விட்டது. காப்பிப் பழம் சிவப்பு.

சந்தனம் டீக்கடை பெஞ்சில். என்னைப் பார்த்ததும் எழுந்தார். தேதி வந்துவிட்டது என்று நினைத்தார், முகத்தில் தெரிந்தது. கடிதத்தை நீட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். டொமைன் என்றால் என்ன, காலாவதி, மூன்று நினைவூட்டல், ஃபோல்டர், வெள்ளிக்கிழமை எனக்கு என்ன தெரிந்திருந்தது. வரிசையாக. குரல் சுற்றறிக்கை வாசிப்பது போல இருந்தது. வேறு குரல் இல்லை.

அவர் கடிதத்தைப் படித்தார். உதடு அசைந்தது. மோட்ச விளக்கு வந்த இடத்தில் நின்று, மறுபடி மேலேயிருந்து படித்தார். பிறகு சிரித்தார், கொஞ்சம்.

"செத்தவனுக்கு வெளக்குப் போட்டுட்டுப் போயிருக்கா. செத்தவன் ஒங்க ஆபீஸ்ல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிருக்கான்."

டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைப்பதை நிறுத்தினார். மன்னிக்கணும் என்ற சொல் வாயில் வந்தது. அதில் அறிவிப்பு வாடை. சொல்லவில்லை.

கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பட்டியல்ல எம் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

"பெரும்பாறை. அவ்வளவுதாங்க."

"இருக்கான்னு ஒரு வார்த்த சேத்துப் போடு. அவ பாத்துக்குவா."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏறும்போது பையைத் தூக்கிக் கொடுக்கவில்லை, முன்பு பட்டியல் வேலைக்கு வந்தபோதெல்லாம் கொடுப்பார்.

நவம்பர் 23, புதன்

மழை திரும்பவும். டிசம்பர் சுற்றறிக்கை முன்கூட்டியே வந்துவிட்டது. முதல் வரி: டொமைன்களைத் தானாகவே புதுப்பிக்கும் வசதி, அடுத்த மாதம் முதல். மகிழ்ச்சியுடன். அதைத் தமிழாக்காமல் அப்படியே வைத்துவிட்டேன், பிறகு பார்க்கலாம்.

'அறிவிப்புகள்' ஏற்பாட்டை நீக்கினேன். ஜெ.அ. மையைப் பற்றி ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

மேஜை இழுப்பறையிலிருந்த முதல் பிரதி, கிழித்தாயிற்று.

குயில்மலைப் பக்கத்தைத் திறந்தேன். பட்டியலில் எல்லாருக்கும் ஊர். பலருக்குக் கா. ஒரே ஒரு வரி மாற்றம்:

சந்தனம், பெரும்பாறை. இருக்கிறார்.

ஏற்றினேன். சுகந்திக்கு அவர் பெட்டியிலிருந்தே மடல், மூன்று வரி. அனுப்பியது 11.20.

மணி நான்கு. இன்னும் திரும்பி வரவில்லை.